பன்னிரண்டு இழுப்பும் ஒரு மேல்முறையீடும்

எஞ்சின் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்த மறுநாள் எஞ்சின் ஓடிவிட்டது. என் பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

எஞ்சின் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தோட்டம் உழுகிற சின்ன இயந்திரம் அது. இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும், முன்னால் நான்கு கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறிக்கொண்டே போகும். மேலே ஒரு பெட்ரோல் எஞ்சின். பக்கவாட்டில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் உறும வேண்டும். உறுமவில்லை.

நான் தையல்காரன். முப்பத்திரண்டு வருடம் மிஷின் முன்னால் குனிந்தே இருந்ததில் என் முதுகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மண்வெட்டி பிடித்துக் குனிந்தால் நிமிர்வதற்கு இன்னொரு ஆள் வேண்டும். என் மனைவிக்கு வலது கை தோளுக்கு மேல் போகாது. அதனால்தான் இயந்திரம். ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது, எண் முப்பத்தேழு, பதினான்கு அடி அகலம். சிறு உழவு இயந்திர ஒழுங்குமுறைத் துறை விண்ணப்பம் வாங்கி, ஆறு வருடம் யோசித்துக் கொடுத்த நிலம்.

அந்த நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மகள் கல்யாணமாகித் தூர தேசம் போன பிறகு என் மனைவி இரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சமைப்பாள், துணி மடிப்பாள், மறுபடி சுவர். நிலம் கிடைத்து, முதல் தக்காளிச் செடியை நான் வரிசை தப்பி நட்ட அன்றைக்கு, "கண்ணு எங்க வச்சிருக்கீங்க? நேர்கோடு கூட தெரியலைன்னா நீங்க எப்படித்தான் துணி வெட்டினீங்க?" என்று என்னைத் திட்டினாள். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த திட்டு. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

துறையின் விதிப்படி மாதக் கடைசிக்குள் நிலத்தை இயந்திரத்தால் உழுதிருக்க வேண்டும். உழாவிட்டால் நிலம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். ஆள் வைத்துக் கொத்தினால் கணக்கில்லை. அது உழவு ஆகாது, 'மண்ணைத் தொந்தரவு செய்தல்' என்ற தலைப்பின் கீழ் வரும். பக்கத்துக்காரரின் இயந்திரத்தை இரவல் வாங்குவது 'அடையாள மோசடி'. உங்கள் இயந்திரம் ஓடவில்லை என்றால் மூன்று நாளைக்குள் பழுது அறிவிப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்தேன். நான்கு பக்கப் படிவம். ஓடாமல் போனபோது எஞ்சின் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று கேட்டிருந்தார்கள். எஞ்சினின் முந்தைய நடத்தை எப்படி என்று கேட்டிருந்தார்கள். குடும்பத்தில் வேறு யாருடைய எஞ்சினாவது இப்படி நின்றதுண்டா என்றும் கேட்டிருந்தார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் நான்கு பக்கத்தில் எங்கும் கேட்கவில்லை.

ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, கடையில தையல் மிஷின் நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

"தூசி தட்டுவேன். பழைய எண்ணெயைத் துடைச்சுட்டுப் புதுசு விடுவேன்."

"அப்போ இதையும் தட்டித் துடைக்க வேண்டியதுதானே? மாலை போடவா வச்சிருக்கீங்க?"

துடைத்தேன். நான்கு மாத மழைக்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதைக் கீழே இறக்கிவிட்டேன். பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டினேன். காற்று வடிகட்டியில் அரைப்பிடி தூசி. தட்டினேன். புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கைத் தள்ளி, கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஓடிவிட்டது.

என் மனைவி கை தட்டினாள். நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்தது. அப்புறம் என்னவோ தோன்றி ரசீதின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஊசி கோர்க்கப் போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டால்தான் படிக்க முடிகிற எழுத்து.

விதி ஒன்பது: பழுது அறிவித்த பின், பரிசோதனைக்கு முன், உரிமையாளர் எஞ்சினைத் திறந்தால் நில ஒதுக்கீடு ரத்து. விதி பதினொன்று: பழுது என்று அறிவிக்கப்பட்ட எஞ்சின் பரிசோதனையில் ஓடினால் அது பொய்ப் புகார், நில ஒதுக்கீடு ரத்து. விதி பன்னிரண்டு: அறிவிப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் அறிவிப்பு உண்மையானதுதான் என்று நிரூபித்த பிறகே பெற முடியும். அதாவது எஞ்சின் பழுதாக இருந்தால், எஞ்சின் பழுதில்லை என்று எழுதிக் கொடுக்கலாம்.

"நிறுத்துங்க! முதல்ல அதை நிறுத்துங்க!" என்றாள் என் மனைவி. தெருவில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று இருவரும் கதவிடுக்கில் பார்த்தோம்.

பக்கத்து நிலம் பேக்கரிக்காரருடையது. போன வருடம் அவருடைய இயந்திரமும் இப்படித்தான் பரிசோதனைக்குப் போனது, திரும்பி வரவில்லை. தேர்வுப் பிரிவு அவருக்குப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஒன்பது குதிரைத் திறன், பின்பக்கக் கத்தி, இரும்புச் சக்கரம், ஒரு எருமை அளவு. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் நிலம் அவருடையது. கரையில் திருப்ப இடமில்லாததால் ஒவ்வொரு சாலுக்கும் இயந்திரத்தைச் சாலைக்கு ஓட்டிப்போய், முச்சந்தியில் திருப்பிக்கொண்டு வருவார். பேருந்துகள் அவருக்காக நிற்கும்.

"இவ்வளவு பெரிசு எதுக்குண்ணே குடுத்தாங்க?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"என் உயரத்தைக் கேட்டாங்க. ஆறடின்னு சொன்னேன். எத்தனாவது படிச்சேன்னு கேட்டாங்க. பட்டியலைப் பாத்து இதுதான்னு சொல்லிட்டாங்க" என்றார். "மண்ணு இளகின மண்ணுங்க, நிலம் சின்னதுங்க, முன்கத்தி வச்ச சின்ன மிஷின் போதும்னு சொன்னேன். மண்ணு வேற துறைன்னுட்டாங்க."

அவரிடம், பரிசோதனைக்காகத் துறையில் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்தது. பேக்கரிக்காரர் முகத்தில் நிஜமாகவே மாவு இருக்கும், அதையும் தாண்டி வெளுத்தது.

"டெய்லரே, ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். அங்க போனா வாயைத் தொறக்காதீங்க" என்றார். அதற்கு மேல் கேட்டதற்கு அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று போய்விட்டார். நாங்கள் நின்றுகொண்டிருந்தது தோட்டத்தில்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. ஓடுகிற எஞ்சினை எப்படியாவது மறுபடி கெடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பிளக்கில் மறுபடி கரி ஏற்றலாம் என்று மெழுகுவர்த்தி கூட ஏற்றினேன். கை வரவில்லை. காஜா எடுக்காத சட்டையைக் கூடக் கடையிலிருந்து வெளியே விடாத கை இது. நல்ல மிஷினைக் கெடு என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. ஐந்து நாளும் சோறு இறங்கவில்லை. தெருவில் சீருடை போட்ட தபால்காரர் வந்தாலும் கதவைச் சாத்தினேன். கடைசியில், நன்றாக ஓடக்கூடிய எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அது ஓடிவிடுமோ என்ற பயத்தோடு துறை அலுவலகத்துக்குப் போனோம்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் பெட்ரோல் குழாயின் திருகை மூடினார். அடியில் இருந்த இன்னொரு சின்னத் திருகைத் தளர்த்தி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் ஒரு டப்பாவில் வடித்தார். பிறகு குழாயில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். 'வளாகத்துக்குள் இதைத் திறப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

"இது என்னங்க?" என்றேன்.

"தீத்தடுப்பு. பதினோரு வருஷமா இருக்கு. வர்ற மிஷின் எல்லாத்துக்கும் மூடணும்."

"உள்ள போனதும் யாரு தொறப்பாங்க?"

காவலாளி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "என் வேலை மூடறது" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாத எஞ்சின் எப்படி ஓடும்? ஓடாது. ஓடாவிட்டால் பொய்ப் புகார் இல்லை. பொய்ப் புகார் இல்லையென்றால் நிலம் தப்பித்தது. ஐந்து நாள் கழித்து எனக்கு அப்போதுதான் பசித்தது.

பரிசோதனைக் கூடம் கல்யாண மண்டபம் அளவு இருந்தது. சுவரோரமாக வரிசையாக உழவு இயந்திரங்கள், எல்லாவற்றிலும் சிவப்பு அட்டை. ஒவ்வொன்றின் எஞ்சினிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இது எதற்காக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் மேடைக்கு வந்தார். பரிசோதனைக்கு முன் அவர் உரையாற்றுவது மரபு. நாங்கள் இரண்டே பேர்தான் வந்திருந்தோம். ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்.

"உரிமையாளர்களே! இந்தத் துறை ஆரம்பிச்ச காலத்துல நிலைமை எப்படி இருந்துச்சு தெரியுமா? ஓடலைன்னு சொல்லிக் கொண்டு வருவாங்க. இங்க நாலு தடவை இழுத்தா ஓடிடும். நூத்துக்கு அறுபது பொய்ப் புகார்! அவ்வளவு நேர்மையில்லாத ஜனங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தீத்தடுப்புச் சுற்றறிக்கை வந்துச்சு. அதே மாசத்துல இருந்து, இன்னிக்கு வரைக்கும், இந்தக் கூடத்துல ஒரு மிஷின் கூட ஓடினதில்லை. ஒரு பொய்ப் புகார் கூட இல்லை. நாலாயிரத்து எழுநூறு மிஷின்! நூத்துக்கு நூறு! ஜனங்க திருந்திட்டாங்க. சுற்றறிக்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் கேக்கலாம். கேக்கக் கூடாது. ஒழுங்குன்னு ஒண்ணு வாசல்ல வந்துட்டா அது உள்ளேயும் வரும்."

நாங்கள் இருவரும் கை தட்டினோம். பயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

பரிசோதகர் கையேட்டோடு வந்தார். தொள்ளாயிரம் பக்கம் இருக்கும். முதல் பக்கத்தைத் திறந்தார்.

"படி ஒண்ணு. மிஷின் இப்ப ஓடிக்கிட்டிருக்கா?"

"இல்லைங்க சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு 'உரிமையாளர் கூற்று உண்மை' என்று எழுதிக்கொண்டார். இரண்டாம் படியில் இயந்திரத்தின் நிறத்தைச் சரிபார்த்தார். மூன்றாம் படியில் பிளக்கைக் கழற்றினார். நான் அதை மறந்தே போயிருந்தேன். அது புது நாணயம் மாதிரி மின்னியது.

"பிளக் இவ்வளவு சுத்தமா இருக்கே. யாராவது தொறந்தீங்களா?"

விதி ஒன்பது. உண்மையைச் சொல்லிவிடலாமா, காலில் விழுந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"சின்ன வயசுல இருந்தே அது அப்படித்தான் சார். உள்ளுக்குள்ளயே சுத்தமா வச்சுக்கும்."

பரிசோதகர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு 'தானாகச் சுத்தம் பேணும் வகை' என்று எழுதி, பிளக்கைத் திரும்ப மாட்டினார்.

அடுத்தது பன்னிரண்டு இழுப்பு. விதிப்படி பன்னிரண்டு தடவை கயிற்றை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தனித்தாள், ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து. ஏழாவது இழுப்பில் பரிசோதகர் சட்டையைக் கழற்றினார். பத்தாவதில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவதை முடித்துவிட்டு, "இறந்துவிட்டது" என்று அறிவித்தார்.

"ரொம்ப நன்றி சார். அப்போ நாங்க எடுத்துட்டுக் கிளம்பலாமா?" என்றேன்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க? இறந்ததை மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாது. துளை போடணும். அப்புறம் தேர்வுப் பிரிவுல உங்க உயரத்தை அளப்பாங்க. புது மிஷின் எட்டு மாசத்துல வந்துரும்."

"மாசக் கடைசிக்குள்ள உழலைன்னா நிலம் போயிடுமே சார்?"

"அது நிலப் பிரிவு. அங்க கேளுங்க. ஆனா நிலம் போனதுக்கு அப்புறம்தான் கேக்க முடியும்."

கூடத்தின் கோடியிலிருந்து ஒரு ஆள் துளை போடும் கருவியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்தார். கருவியை மின்சாரத்தில் சொருகி, சும்மா ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தேன். அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு வருடம் பார்த்த அதே பார்வை. துளைக்காரரின் கருவியை விட எனக்கு அதைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

"சார்," என்றேன். "ஒரு தடவை கடைசியா தொட்டுக்கட்டுமா? ஆறு வருஷப் பழக்கம்."

பரிசோதகர் கையேட்டைப் புரட்டினார். அதற்கும் விதி இருந்தது. "பக்கம் எழுநூத்திரெண்டு. உணர்வுபூர்வமான பிரிவு. ஒரு நிமிஷம். அழுகைக்குத் தனிப் படிவம்."

இயந்திரத்தின் பக்கத்தில் மண்டியிட்டேன். நிஜமாகவே அழுதேன், நடிக்கத் தேவைப்படவில்லை. ஒரு கையால் டேங்கைத் தடவினேன். இன்னொரு கை சிவப்பு அட்டைக்குக் கீழே போயிற்று. அட்டை ஆடாமல், நூல் அறுபடாமல், கட்டைவிரலால் குழாயின் திருகைக் கால் சுற்று திருப்பினேன். பெட்ரோல் இறங்கும் மெல்லிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. திறந்துவிட்டேன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடினால் விதி பதினொன்று, ஓடாவிட்டால் துளை.

அப்போது என் மனைவி கைப்பையிலிருந்து ரசீதை எடுத்தாள். என் ஊசிக் கண்ணாடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், விதி இருபத்தி மூணு. உரிமையாளருக்கு ஒரு மேல்முறையீட்டு இழுப்பு உண்டுன்னு போட்டிருக்கு."

பரிசோதகர் சிரித்தார். "இருக்கும்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"நான் கேக்கறேன்."

வலது கை வராது என்பதால் இடது கையால் கயிற்றைப் பிடித்தாள். ஒரு காலை இயந்திரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே இழுப்பு.

எஞ்சின் உறுமியது.

கூடம் அதிர்ந்தது. பதினோரு வருடமாக அந்த இடத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எஞ்சின் ஓடி வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. "என்ன அது? என்ன சத்தம்?" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். பரிசோதகர் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். துளைக்காரர் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். 'இழுப்பு ஒன்று' முதல் 'இழுப்பு பன்னிரண்டு' வரையான தாள்கள் புகையோடு சேர்ந்து பறந்தன. இயக்குநர் தன் அறையிலிருந்து ஓடிவந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றார். எப்படி நிறுத்துவது என்று அந்தத் துறையில் யாருக்கும் தெரியவில்லை. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

எங்கள் இருவரையும் இயக்குநர் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். சிறைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், பாதித் தண்ணீர் மேசையில் சிந்தியது.

"டெய்லர், உங்களுக்கு பயமா இருக்கா?"

"இருக்கு சார்."

"எனக்கும்தான்." நாற்காலியில் சாய்ந்தார். "இது ஓடுச்சுன்னு நான் எழுதினா உங்க நிலம் போகும். அது பரவாயில்லை. ஆனா, இது மட்டும் ஏன் ஓடுச்சு, மத்த நாலாயிரத்து எழுநூறும் ஏன் ஓடலைன்னு ஒருத்தன் கேப்பான். அத்தனையிலயும் துளை போட்டாச்சு. துளையை அடைக்கறதுக்கு நம்மகிட்ட விதி இல்லை."

"சார், அந்தக் குழாயைப் பத்தி உங்களுக்கு முன்னாடியே..."

"நான் பொறுப்புக்கு வந்து ஆறு வருஷம். முதல் மாசமே தெரியும்."

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பவே தொறக்கச் சொல்லியிருக்கலாமே?"

"அதுக்கு முன்னாடியே அஞ்சு வருஷம் துளை போட்டிருந்தாங்கம்மா" என்றார் இயக்குநர். அவர் அதைப் பெருமூச்சோடு, நாங்கள் அவர் மேல் இரக்கப்பட வேண்டும் என்பதுபோல் சொன்னார்.

பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். முன்பே தயாராக இருந்த தாள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. அலுவலக வளாகத்தில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, பெட்ரோல் குழாய் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, தெரியாத அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் மனைவியும் போட்டாள். பதிலுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இந்த இயந்திரம் ஓடாது. ஓடாத நிலையில் உழவுக்கு உகந்தது.'

தள்ளுவண்டியோடு வெளியே வந்தோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாசலில் ஒரு நர்ஸம்மா, வெள்ளைச் சீருடையோடு, எங்களுடையதை விடச் சின்ன இயந்திரம் ஒன்றோடு நின்றிருந்தார். காவலாளி அதன் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்து, சிவப்பு அட்டை கட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவருக்கு விசாரணையாம். இயந்திரத்தை இன்றைக்கே ஒப்படைக்க வந்திருக்கிறார்.

"அண்ணே, நீங்க உள்ள போயிட்டு வந்தீங்களா? என்ன பண்ணுவாங்க? ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்தேன், பயத்துல கண்ணே மூடலை. இந்த நிலமும் போச்சுன்னா..." என்றார்.

இரண்டு வார்த்தை போதும். குழாயைப் பாருங்கள். நான் அலுவலகத்தின் ஜன்னல்களைப் பார்த்தேன். மாடியில் ஒரு திரை அசைந்தது. காற்றாகக் கூட இருக்கலாம்.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். "வாயைத் தொறக்காதீங்க, அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று ஞாபகம் வந்தது. என் மனைவி எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டாள். தள்ளுவண்டியை நான் ஒருவனாகத்தான் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் நிலத்துக்குப் போய் உழ ஆரம்பித்தேன். எஞ்சின் அருமையாக ஓடியது. கத்திகள் மண்ணைப் புரட்டப் புரட்ட ஈர வாசனை வந்தது. என் சால் கோணலாகப் போனது எனக்கே தெரிந்தது. என் மனைவி கரையில் உட்கார்ந்திருந்தாள், திட்டவில்லை.

பேக்கரிக்காரர் வேலி ஓரமாக வந்து நின்றார். கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்தார்.

"ஓடுது போல."

"ஓடுதுண்ணே."

குரலைத் தாழ்த்தினார். "குழாயா?"

கைப்பிடியில் இருந்த கிளட்சை விட்டுவிட்டேன். கத்தி நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"துளை போட்டு ஓரமா தள்ளினப்போ பாத்தேன். அட்டைக்குக் கீழ குழாய் மூடியே இருந்துச்சு. கேட்டேன். உள்ள கூப்பிட்டாங்க. தாளை நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். நிலத்தை மட்டும் விட்டுவச்சாங்க."

"அப்போ என்கிட்ட ஏண்ணே சொல்லலை?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு நாள் சோறு தண்ணி இல்லாம செத்துப் பொழைச்சேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நேத்து நீங்க வெளிய வந்தப்போ, அடுத்து யாராவது நின்னுருப்பாங்களே டெய்லரே," என்றார். "அவங்ககிட்ட நீங்க சொன்னீங்களா?"

எஞ்சின் சத்தம் இருந்ததால் அது காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

என் மனைவி எழுந்து வந்தாள். குனிந்து, பெட்ரோல் குழாயின் திருகை இடது கையால் மூடினாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு எஞ்சின் ஒரு நிமிடம் ஓடியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"அந்த நர்ஸ் பொண்ணுக்கு விசாரணை பத்து மணிக்கு" என்றாள் என் மனைவி. "இப்ப எட்டரை. மூணு பேருமேதான் கையெழுத்துப் போட்டிருக்கோம், மூணு பேருமா போவோம். கண்ணாடியை எடுத்துக்குங்க, விதி இருபத்தி மூணைப் படிக்கணும்."

பேக்கரிக்காரர் அடுப்பில் ரொட்டி இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். பாதி உழுத மண்ணில் என் செருப்பு எங்கேயோ புதைந்து கிடந்தது. குனிந்து தேட ஆரம்பித்தேன்.